சட்டனுக்குப் போன வகுப்பு

கல்வெட்டு, உன் நினைவு மலர், அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் புது மையின் மணம். அட்டையில் நீ. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பதற்கு உன் வாழ்க்கை. எழுதியவன் உன் நண்பன் நான். தேவாரங்கள் போக உனக்குக் கிடைத்தது ஒன்றரைப் பக்கம்.

நீ ஆய்வேடு எழுதிய மனிதருக்கு இதைவிட அதிகம் கிடைத்திருந்தது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் சட்டத்தரணி. ஒரு தவணை சட்டமன்றத்திலும் இருந்தவர். மாவட்ட நீதிமன்றம் அவருடைய ஊரில் இருந்தது. ரயில் வந்ததோ பக்கத்து ஊருக்கு. நீதிமன்றத்தையும் அங்கே மாற்றச் சட்டமூலம் வந்தபோது அவர் ஆதரித்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். ஊர் அவரோடு பேசவில்லை. வீட்டை மாற்றாமல், சாகும்வரை குதிரையில் பக்கத்து ஊருக்குப் போய் வாதாடினார். தேநீர் ஆறும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அலுப்பாக இருந்தது.

பிறகு நீ படிப்பித்த தமிழ்ப் பள்ளியின் கூட்டம். பிள்ளைகளில் பலருடைய குடும்பங்கள் தெற்கே போய்விட்டன. வடக்கு லண்டனில் ஆர்ச்வே மண்டபத்தில் நடந்த சனிக்கிழமை வகுப்பை, தெற்குக் கோடியில் சட்டனுக்கு மாற்றுவதா என்று வாக்கெடுத்தார்கள். உன் அம்மாவுக்கு அந்த மண்டபம்தான் லண்டன். அங்கே தேநீர் ஊற்றுவார், நாலு பேரோடு கதைப்பார். வேறு எங்கும் போவதில்லை. வாக்குகள் சமமாக நின்றபோது, மாற்றச் சொல்லி நீ கை உயர்த்தினாய்.

வீட்டில் அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"உன்ர அமெரிக்காக்காரர் சொன்னவரோ?"

"பிள்ளையள் அங்கயெல்லோ இருக்கினம், அம்மா."

அதன்பின் அவர் உன்னோடு அதிகம் பேசவில்லை. நீ சட்டனுக்கு, மோர்டன் வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போய்வந்தாய். இந்தத் தையில் ஒரு காலை, உன் இதயம் நின்றது.

2009. போர் நடக்கும் வன்னியிலிருந்து வீடு வீடாகச் சாவுச் செய்தி வருகிற வருடம். உன்னுடையதும் அவற்றோடு வந்தது. தனியாக அழ எனக்குத் தெரியவில்லை.

கல்வெட்டில், அந்த வாக்கெடுப்பில் நீ கை உயர்த்தியதை எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

"காய்ச்சலோடயும் வகுப்புக்குப் போனவன் எண்டதையும் எழுது, தம்பி."

எழுதினேன். இருவரும் அழவில்லை.

இப்போது உன் வகுப்பு என்னிடம். போன சனிக்கிழமை பிள்ளைகள் ஹீட்டர் சூட்டில் புழுங்குகிறது என்றார்கள், ஜன்னலைத் திறக்கக் கேட்டார்கள். ஜன்னலடியில் இருப்பவன் நான். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வாக்கெடுத்தோம். அவர்களுடைய கைகளோடு என் கையும் மேலே போனது. உயர்த்த நினைத்ததாக ஞாபகமில்லை.

திறந்தோம். கோட்டைப் போட்டுக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.