பிறையும் ஒரு சோடிச் செருப்பும்

03.02.2026
இன்றும் தலையாட்டினேன். ஒலுவில் கெம்பஸில் வாசிக்கவிருக்கும் பௌதிகக் கட்டுரையை மகள் நஸ்லியா என்னிடம்தான் ஒத்திகை பார்க்கிறாள். "வாப்பாக்கு விளங்கினா ஆருக்கும் விளங்கும்." மரியாதையா, நக்கலா? பதினாறாம் திகதி நன்றாகச் செய்தால் மேற்படிப்புக்கு விரிவுரையாளர் சேர் கடிதம் தருவாராம்.

சோடித் துணிக்கைகள். ஒன்றை ஒலுவிலில் அளந்தால் கொழும்பில் இருப்பது அந்தக் கணமே முடிவாகிவிடுமாம். நான் நிந்தவூர்ச் செருப்புக் கடைக்காரன். "ஒரு பெட்டியில இடது இருந்தா மற்றதில வலதுதானே மகள்?"

"இல்ல வாப்பா. திறக்கிற வரைக்கும் அது இடதுமில்ல, வலதுமில்ல."

எந்தக் கம்பனித் தயாரிப்போ!

05.02
தேநீர்க் கடையில் நண்பன் ஜெமீலின் வழமையான 'சர்வதேசப் பிறை'ச் சண்டை. மக்காவில் றமழான் பிறை கண்டால் நமக்கும் நோன்பா, இங்கே கண்ணால் கண்டால்தானா? என் வாய் சும்மா இருந்ததா? "அங்க பார்த்தா இங்கயும் முடிவாகும். என்ட மகள் அதத்தான் படிக்கிறா."

06.02 வெள்ளி
ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் — செருப்புக்கடைக் காலிதீனின் மகள் சர்வதேசப் பிறையை நிரூபித்துவிட்டாளாம்! பள்ளித் தலைவர் ஸமட் ஹாஜியார் கையைப் பிடித்தார்: "புள்ளய ஏன் காலிதீன் காக்கா இந்தச் சண்டைக்க இழுக்கிறீங்க?"

07.02
நஸ்லியா அழுதாள். "அளந்தா என்ன வரும் எண்டது நம்மட கையில இல்ல வாப்பா. அதால அங்க ஒரு சேதியும் அனுப்பேலா. விளங்கிச்சா எண்டு கேட்டன், ஓம் எண்டீங்களே!"

இனி என்னோடு பேச்சே வேண்டாமாம். மனைவி றாஹிலா சோற்றை வைத்துவிட்டு முகம் பாராமல் போனாள்.

ஓம் எண்டு ஏன் சொன்னன்? ஒரு ஓம்தானே — அதுக்கு இவ்வளவா?

08.02
தேநீர்க் கடையில் எல்லோர் முன்னும் சொன்னேன்: "எனக்கு ஒண்டும் விளங்கல்ல. விளங்கின மாதிரிக் கதைச்சன். மகள்ட படிப்புக்கும் பிறைக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப பிறை விசயம்?" என்றான் ஜெமீல்.

"அதுவும் விளங்கல்ல."

சிரித்தார்கள். ஹாஜியார் வீட்டிலும் போய் இதையே ஒப்புவித்தேன்.

10.02
கட்டுரையோடு கடைக்கே வந்தாள். பேனையை நீட்டினாள். "விளங்காத இடத்தில கீறுங்க." கீறினேன். கடைசியில் இருந்த 'நன்றி' மட்டும் தப்பியது. கோபப்படவில்லை, ஒரு செருப்புப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

16.02
கெம்பஸ் மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தேன். "அளக்க முதல் அது என்னவா இருக்கு எண்டது எனக்கும் முழுசா விளங்கல்ல; இதைப் படிச்ச பெரியாக்களும் இன்னும் சண்டைதான்" என்றே தொடங்கினாள். சேர் பேனையை மூடிவைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். கடிதத்துக்கு நாளை வரச் சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸில், "விளங்கல்ல மகள்" என்றேன். திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். நிந்தவூர் போனதே தெரியவில்லை. அடுத்த ஊரான காரைதீவில்தான் இறங்கினோம்.