மெடலில் சிக்கிய துணி

என் செல்ல அம்மாவுக்கு,

நேற்று என் எம்.ஏ. ஆய்வேட்டுக்கு வைவா நடந்தது. பாஸாகிவிட்டேன். எப்படி என்பதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நீ பதினாறு வருஷம் வேலை செய்த வீட்டு எஜமானியம்மா, நாம் மதாம் என்று கூப்பிடுபவரின் கூடத்தில், அவர் கணவரின் தாத்தா ஓவியம் தொங்குமே? கறுப்புக் கோட்டு, நெஞ்சில் மெடல். பிரெஞ்சு சர்க்கார் அவருக்கு மெடல் தந்ததற்கு அந்த ஓவியமே சாட்சி என்று ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். அதை உனக்குப் படித்துக் காட்டியபோது, வெங்காயம் உரித்தபடி சிரித்தாய்.

"மெடலு அப்புறமா வரைஞ்சதுடி. மத்த எடமெல்லாம் வழவழன்னு இருக்கும். அங்க மட்டும் தொடைக்கிற துணி சிக்கும். பெயிண்டு மேல பெயிண்டு."

"உனக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்கா? அந்தாள நான் தொடச்ச அளவுக்கு அவரு பொண்டாட்டியே தொடச்சிருக்க மாட்டா!"

எனக்குக் கோபம். எழுதியதெல்லாம் வீணாகிவிடுமே என்ற பயம் வேறு. ஆனாலும் மதாமிடம் பழைய ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு கல்யாணப் போட்டோவில், பின்சுவரில் அதே ஓவியம். சட்டத்தில் மெல்லிய மாலை. அப்படியென்றால் அந்தக் கல்யாணத்துக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். ஆனால் ஓவியத்தில் நெஞ்சில் மெடல் இல்லை.

மதாம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எங்க மாமனார் வேலையாத்தான் இருக்கும். கௌரவம்னா அவருக்கு உசுரு" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அத்தியாயத்தை மாற்றினேன். அந்த ஓவியம் மெடலைப் பற்றிச் சொல்வதை நம்ப முடியாது; அந்தக் குடும்பம் எதற்கு ஏங்கியது என்பதை மட்டும் அது மறைக்கவில்லை என்று எழுதினேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

ஒன்றை மட்டும் ஒளித்தேன், அம்மா. அடிக்குறிப்பில், பெயிண்ட் மேடாக இருப்பது "கூர்ந்து பார்த்ததில் தெரியவந்தது" என்று எழுதினேன். யார் பார்த்தது என்று எழுதவில்லை. வீட்டு வேலை செய்தவளின் மகள் என்று வைவா அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற கூச்சமா? இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

நேற்று வைவாவில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார்.

"இத யாரும்மா தொட்டுப் பாத்தது? நீயா?"

பொய் சொல்லியிருக்கலாம். மேசையைப் பார்த்தபடியே சொன்னேன். "எங்கம்மா, மேடம். அந்த வீட்ல வேலை செஞ்சாங்க. வாராவாரம் அவங்கதான் படத்தத் தொடைப்பாங்க."

தேர்வாளர் அந்த அடிக்குறிப்பின் மேல் விரலை வைத்தார்.

"அப்போ இதுல முதல் சாட்சியே அவங்கதான். பேரு எங்க?"

"அவங்க இறந்துட்டாங்க மேடம்."

"இறந்தவங்க பேர எழுதக் கூடாதுன்னு யாரு சொன்னது? எழுதிக் குடு."

இன்று காலை அடிக்குறிப்பைத் திருத்தினேன்: "தகவல்: அஞ்சலை. இந்த ஓவியத்தைப் பதினாறு ஆண்டுகள் தன் கையால் துடைத்தவர்." அச்சில் உன் பெயர் வருவது இதுதான் முதல் தடவை, இல்லையா?

இவ்வளவு கொடுத்தவளுக்கு ஒரு வரிதான் என்னால் முடிந்தது. இனி எதை எழுதினாலும், எனக்கு அதைச் சொன்னவர் யார் என்பதை ஒளிக்க மாட்டேன், அம்மா.

அஞ்சலையின் மகள்,
ரேவதி