கண்மாய்ப் பக்கம் மட்டும் புதுத்தாள்

1985 ஐப்பசி, புதன் இரவு.

திண்டுக்கல் தனி மாவட்டமானதிலிருந்து மதுரைப் பதிவேடுகள் லாரியில் வந்துகொண்டிருக்கின்றன. பிரித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இன்று தாடிக்கொம்புப் பக்கத்து ஊர் ஒன்றின் நிலப் பதிவேட்டைப் பிரித்தேன். தாள்களெல்லாம் பழுப்பேறி, தொட்டாலே உதிர்ந்தன. கண்மாய்க்குரிய பக்கம் மட்டும் புதுத்தாள். அதில் கண்மாயின் ஒரு மூலை யாரோ ஒருவரின் பட்டா நிலமாகியிருந்தது.

சூப்பிரண்டிடம் காட்டினேன்.

"பழசைக் கரையான் அரிச்சிருச்சும்மா. மதுரையிலயே பாத்து எழுதிட்டாக. கையெழுத்தப் போட்டுவிடுங்க."

கரையான் அந்த ஒரு தாளை மட்டுமா தின்னும்? முன்னும் பின்னும் உள்ள தாள்களில் ஓர் ஓட்டைகூட இல்லை. காலையில் லாரி வந்ததுமே இந்த ஊர்க் கட்டு எங்கே என்று அவர்தான் கேட்டார்.

சரிபார்ப்புப் பட்டியலில், 'இந்தப் பக்கம் மட்டும் புதுத்தாள், புது மை' என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வாங்கிப் படித்தார். கோபப்படவே இல்லை.

"எந்தத் தெருவுல இருக்கீக? வீட்டுக்காரர் வெளியூர்லதான வேலை பாக்குறாரு?"

அதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.