டிசி கேட்கப் போனது

திங்கள்கிழமை, ஜூன் 9

எனக்கு எழுத வராது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

சைதாப்பேட்டை ஆற்றோரத்து வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு, பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இந்திக்காரப் பிள்ளைகள். வேறு பள்ளியில் சேர்க்கலாமா என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. இன்று டிசி கேட்க மருமகளோடும் பேத்தியோடும் போனேன். வாசலில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் இந்திக்காரச் சிறுமி நின்றாள். அவளுக்குப் புரியாது என்று நினைத்து, "இதுங்களோட உக்காந்தா நம்ம பாப்பாவுக்குத் தமிழே மறந்துடும்மா" என்று மருமகளிடம் சொன்னேன்.

"மறந்துவிடும்னு சொல்லணும் தாத்தா. மிஸ் சொன்னாங்க" என்றாள் அந்தச் சிறுமி. பேத்தியின் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் தெலுங்கு பேசிய என்னை ஒன்றாம் வகுப்பில் "கொல்டி, கொல்டி" என்று சிரித்தார்கள். மூன்றாம் நாளே பள்ளிக்கூடத்தை விட்டேன். அறுபத்தைந்து வருஷமாகியும் சிரித்தவர்கள் முகம் ஒன்றுகூட மறக்கவில்லை. இவளுக்கும் என் முகம் மறக்காது.

டிசி கேட்காமலே திரும்பிவிட்டோம். சாப்பிடும்போது மகன் கேட்டான்.

"இன்னா நைனா, நீதான டிசி டிசின்னு அடிச்சிக்கினு கெடந்த?"

"வேணாம்டா. அங்க தமிழ் நல்லா சொல்லிக் குடுக்குறாங்க."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.