காற்று இளைத்த நாள்

இன்று காலை ஆய்வகத்தில் புதிதாக ஒரு கறுப்பு டேப் சுருளைப் பிரித்தேன். பசை வாசனை எழுந்ததும் உன் விரல்கள்தான் கண்முன் வந்தன. நம் மியூவான் கருவியின் பிளாஸ்டிக் பலகைகளை ஒரு பொட்டு வெளிச்சம் புகாதபடி சுற்றுவாய்; முடித்தபின் டார்ச் அடித்து மறுபடியும் பார்ப்பாய். "பச்சப்புள்ளைக்குத் துணி சுத்துத மாதிரி சுத்துதியே லே" என்று கிண்டல் செய்வேன். நீ கண்டுகொள்ள மாட்டாய்.

நாகர்கோவிலிலிருந்து ஒரே ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வந்துபோன நம் இருவரில், கருவியைப் பொன்முடி மலையில் கொண்டு வைத்தவன் நீ. விண்வெளித் துகள்கள் உயரே காற்றில் மோதும்போது மியூவான்கள் பிறக்கின்றன. பலவும் வழியிலேயே அழிந்துவிடும். மீதி நம் கூரையையும் உடம்பையும் துளைத்து மண்ணுக்குள் போகும். அவற்றைத்தான் நம் கருவி எண்ணும்; உள்ளே வெளிச்சம் கசிந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். மேலே காற்று கனத்தால் தரைக்கு வருபவை குறையும். "காத்து இளைச்சா எண்ணிக்கை கூடும், மக்கா. மொதல்ல பாரோமீட்டரைப் பாரு, பொறவு டேப்பைக் குத்தம் சொல்லு, கேட்டியா" என்பாய்.

தேவைப்பட்ட நாளில் அதை மறந்தேன். காலையிலிருந்தே ஆய்வகத்துத் திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. கட்டுரை அனுப்பும் அவசரம் எனக்கு. பாரோமீட்டரின் அழுத்தப் பதிவைத் திறந்துகூடப் பார்க்காமல் உன்னைக் கூப்பிட்டேன்.

"டேப் கிழிஞ்சி வெளிச்சம் கேறுது. உன் வேலைதாம்லே இது. போய்ப் பாத்துட்டு வா."

"மழை கொட்டுது மக்கா, நாளைக்குப் போறேனே."

"அதுவரைக்கும் குப்பை டேட்டாவையா சேக்கணும்?" என்றேன். நீ பைக்கை எடுத்தாய்.

கொண்டை ஊசி வளைவொன்றில் மரம் சாய்ந்து உன்மேல் விழுந்ததாக மாலையில் சொன்னார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் நான் மேலே போனேன். டேப்பில் ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. பிறகுதான் அழுத்தப் பதிவைத் திறந்தேன். எண்ணிக்கை ஏறிய அதே மணிகளில் அழுத்தம் இறங்கியிருந்தது. உன் கருவி புயலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் உன்னை அதற்குள்ளேயே அனுப்பியிருக்கிறேன், பாவி.

கட்டுரை வெளிவந்துவிட்டது. அந்த நாள் வரைபடத்தில் ஒரு சிறு மேடாக நிற்கிறது. உன் பெயர்தான் முதலில். நல்ல அளவீடு என்று பாராட்டுகிறார்கள்.

போன வாரம் உன் மனைவி வந்திருந்தாள். "அண்ணே, அந்த மழையில அவரு எதுக்கு மலைக்குப் போனாரு? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவளே" என்று கேட்டாள்.

"அவனுக்கு அந்த மெஷின்னா உயிரு தங்கச்சி. சொன்னா கேக்க மாட்டான்" என்றேன்.

அவள் நம்பினாள். புள்ளையை நினைக்காமல் போய்விட்டாயே என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதாள். நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், மக்கா.