அலகு எழுதாத கோடு

ஆகஸ்ட் 26, திங்கள்

மழை. காஜா பேராங் சாலையில் கணுக்கால் தண்ணீர். சைக்கிள் செயின் இரண்டு முறை கழன்றது.

நான் வரைந்த கணக்குப் படம் மராமத்து ஆபீஸ் சுவரில் ஏறி ஒரு மாதம். மூன்று கோடுகள். ஒன்றில் பாரம், ஒன்றில் மரச் சட்டத்தின் கனம். இரண்டையும் தொட்டு ரூலரை வைத்தால், கால்களுக்கு இடையே எத்தனை அடி என்று மூன்றாவது கோடு சொல்லிவிடும். பாரம் மாறினால் ரூலரைச் சாய்த்தால் போதும். என்னை யாரும் நச்சரிக்க வேண்டாம்.

சனிக்கிழமை இந்த நாட்டின் முதல் சுதந்திர விழா. திடலில் மேடை கட்டுவது எங்கள் மேஸ்திரி, மண்டோர் சின்னையா (ம.சி.). அறுபது பள்ளிப் பிள்ளைகள் ஏறி நின்று பாட. "நாலடிக்கு ஒரு கால் போடலாம்னு இருக்கேன் தம்பி" என்றார்.

"எதுக்கு மரத்த வீணாக்குறீங்க? படத்த பாருங்க."

பார்த்தார். ஐந்தடி என்றது படம். போய்விட்டார்.

ஆகஸ்ட் 28, புதன்

வெயில். வாங்க வேண்டியவை: சோப்பு, சைக்கிள் எண்ணெய், கலர் பேப்பர் (வீட்டுக்கார அம்மாவுக்கு. அவர் மகளும் பாடுகிறாளாம், முதல் வரிசை. நாள் முழுக்க அதே பாட்டு).

டீக்கடையில் ம.சி. யாரிடமோ: "புள்ளைக்கு அரை பிக்குல். அறுபதுக்கு முப்பது. முப்பதுல ரூலர வச்சேன், முடிஞ்சிச்சு. இதுக்கு காலேஜ் வேறயா?" சிரிப்பு.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். என் கோடு ஹண்டர்வெயிட்டில். அது 112 ராத்தல். பிக்குல் 133. கோட்டின் தலையில் 'பாரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். காலேஜில் எல்லாம் ஹண்டர்வெயிட். இங்கே அரிசி முதல் ரப்பர் வரை பிக்குல். இது கூடவா எனக்குத் தெரியாது.

என் கோட்டில் அது முப்பது இல்லை, கிட்டத்தட்ட முப்பத்தாறு. நாலரை அடிதான் வருகிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

சரியான தூக்கமில்லை. ஸ்லைட் ரூலில் மூன்று முறை கணக்குப் போட்டேன். பாதுகாப்புக்கு விட்ட மிச்சம் தாங்கலாம். தாங்கலாம் என்பது ஒரு விடையா? ஊறிய மரம். பிள்ளைகள் சும்மா நிற்காது, குதிக்கும். எங்கள் எஞ்சினியர் அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர்.

காலையிலேயே திடலுக்குப் போய் ம.சி.யிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும்.

"நாலடின்னு அப்பவே சொன்னேன்ல."

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"நீங்க போட்ட படமாச்சே தம்பி."

கோபம் இல்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தூறல். கூடுதலாக எட்டுக் கால்கள் வேண்டும். ஸ்டோர் சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். "மழையில மண்ணு இளகிடுச்சுன்னு எழுதுங்க, யாரு தோண்டிப் பாக்கப் போறா" என்றார் ம.சி. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளதை எழுதினேன்.

எஞ்சினியர் படித்தார். கையெழுத்துப் போட்டார். திட்டவில்லை. ஒரே கேள்வி: இந்த ஒரு மாதத்தில் வேறு யார் யார் அந்தப் படத்தைப் பார்த்து என்னென்ன கட்டினார்கள்?

தெரியாது என்றேன்.

மூன்று மணிக்குள் எட்டுக் கால்களும் இறங்கிவிட்டன. மேடை ஆடவில்லை.

படத்தைக் கழற்றி மேசையில் விரித்தேன். பாரக் கோட்டில், ரூலர் வைக்க அவரவர் போட்ட பென்சில் புள்ளிகள். இருபத்து மூன்று. ம.சி.யுடையது ஒன்று.