பிரிக்காத கேள்வித்தாள் கட்டு

என் அன்பு மாப்ளே,

நீ இருக்கற எடத்துல நாற்காலி இருந்தா உட்கார்ந்துக்க. அண்ணாமலை சாட்சியா சொல்றேன், நான் சொல்லப்போற கதையை ஈரேழு பதினாலு லோகத்துலயும் ஒருத்தன் நம்பமாட்டான். கூடவே இருந்த உன் மக கௌரிகூட நம்பமாட்டா.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, செங்கம் ரோட்டுப் பள்ளிக்கூடத்துல உன் எட்டாம் வகுப்பை அவதான் பாக்கறா. பௌர்ணமி அன்னிக்குப் பரீட்சை கூடாது, புதுப் பாடம் கூடாதுன்னு நீ வச்ச சட்டத்தையும் விடல. பாதிப் புள்ளைங்க அன்னிக்கு கிரிவலப் பாதையில அம்மாவோட கற்பூரம் வித்துக்கிட்டு இருக்கும். வந்த புள்ளைங்க, வராத புள்ளைக்குச் சொல்லித்தர ஆளுக்கொரு பழைய பாடம் தயார் பண்ணும். இப்ப மெட்ராஸ்ல இருந்தே ஸ்பெஷல் பஸ் வருது மாப்ளே. கூட்டம் ஜாஸ்தி, வராத புள்ளைங்களும் ஜாஸ்தி.

போன பௌர்ணமிக்குப் பள்ளிக்கூடக் கமிட்டியோட புது செக்ரட்டரி கேள்வித்தாள் கட்டோட வந்து உட்கார்ந்தார். "இன்னிக்குப் பரீட்சை. வராததுங்களுக்கு ஒன்பதாவதுல இடம் இல்ல."

சோறு கொடுக்கப் போயிருந்த நான் பார்க்கும்போதே கௌரி அந்தக் கட்டைக் கையில வாங்கிக்கிட்டா. அதுக்குள்ள வாசல்ல துணிக்கடை ரஹீம் பாய்.

"டீச்சர், எம்பொண்ணு வந்திருக்குது இல்ல? அது என்ன தப்பு பண்ணுச்சு? பரீட்சை வச்சா என்ன?"

மெதுவாதான் கேட்டார். நியாயமாவும் கேட்டார். நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?

"உங்க பொண்ணும் எழுதணும் பாய். வராத அஞ்சலாவும் எழுதணும். ரெண்டும் என் பொறுப்பு," கௌரி சொன்னா.

"அஞ்சலா எங்க?"

கௌரி என் பக்கம் திரும்பினா. "மாமா, வராத புள்ளைங்களைப் போய்க் கூட்டிட்டு வர்றீங்களா?"

"மதியம் வரைக்கும் பாக்கறேன்," செக்ரட்டரி சொன்னார். "அப்புறம் கட்டைப் பிரிக்கணும். இல்லன்னா நீ வேற வேலை பாத்துக்கம்மா."

இங்கதான் மாப்ளே கதை. எடுத்தேன் டிவிஎஸ் வண்டியை. எதிர்ல நாப்பது லட்சம் பேர். அடி அண்ணாமலையில வண்டி தரையிலயே ஓடல, ஜனங்க தலைக்கு மேல பறந்துச்சு. நந்தி எழுந்து ஒதுங்கி வழி விட்டுது. வராத புள்ளைங்க அத்தனையையும் அந்த ஒரே வண்டியில அடுக்கிக்கிட்டு வந்து இறங்கினேன். அது வரைக்கும் கௌரி அந்தக் கட்டை மடியில வச்சுக்கிட்டு அந்த மலையாட்டம் உட்கார்ந்திருந்தா. எங்களைப் பார்த்ததும் செக்ரட்டரி மீசை தானா உதிர்ந்து மேசையில விழுந்துது.

சரி, நீ சிரிக்கறது கேக்குது. பகல்ல அங்க கூட்டமே கம்மின்னு உனக்குத் தெரியாதா. அஞ்சலா ரோட்டோரம் கோணிப்பை விரிச்சு உட்கார்ந்திருந்துச்சு. அவ அம்மாகிட்ட கெஞ்சினேன்.

"எப்படிண்ணே அனுப்பறது? சாயந்திரக் கடைக்கு எடம் பிடிச்சிருக்கோம். நான் சரக்கு எடுக்கப் போகணும். இவ எழுந்தா அடுத்தவங்க உட்கார்ந்துடுவாங்க. நாளைக்கு வைக்கச் சொல்லுங்களேன்."

எல்லா எடத்துலயும் இதே பேச்சு. கிளம்பும்போது அஞ்சலா கேட்டுச்சு, "டீச்சருக்கு எம்மேல கோவமா?"

வெறும் வண்டியோடதான் திரும்பினேன். செக்ரட்டரி கை நீட்டினார். "குடும்மா."

"முழு வகுப்பும் வரட்டும் சார். நானே பிரிக்கறேன்."

அவர் எழுந்து போயிட்டார். ரஹீம் பாய் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல. அது அஞ்சலாவுக்காகக் கணக்குப் பாடம் எழுத உட்கார்ந்துச்சு.

அடுத்த வாரம் கமிட்டி கூடுது. கௌரிக்கு வேலை இருக்குமா, தெரியல. ராத்திரியில தூங்காம நடக்கறா. அடுத்த பௌர்ணமிக்கும் பரீட்சைதான்னு சொல்லியிருக்கார் அந்த மனுஷன்.

வைக்கட்டும். எனக்குக் கற்பூரம் விக்கத் தெரியாது. எடம் பிடிச்சு உட்காரத் தெரியும். அன்னிக்கு விடிஞ்சதும் அஞ்சலாவோட கோணிப்பையில நான் இருப்பேன், மத்த புள்ளைங்க கோணிப்பையிலயும் என் சீட்டாட்டக் கூட்டாளிங்களை உட்கார வைப்பேன். இது சத்தியம்.

மீசை பொய், நந்தி பொய், நாப்பது லட்சம் பொய். உன் மக மடியில அந்தக் கட்டு பிரிக்காம இருந்துது பாரு, அது மட்டும் நெசம் மாப்ளே.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்கு இருக்கற ஒரே தாய்மாமன்.